சீழ் வைக்காத முள்

காலில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று வெறுங்காலோடு ஓடி விளையாடிய எவருக்கும் தெரியும். மறுநாள் அந்த இடம் சிவக்கும். தொட்டால் சுடும், விண்விண் என்று தெறிக்கும். மூன்றாம் நாள் சீழ் கட்டிக்கொள்ளும். பாட்டி ஊசி முனையை நெருப்பில் காட்டி லேசாகக் கீறிவிடுவாள். சீழோடு முள்ளும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அதே முள் இன்னொரு காலில் தைப்பதாக வைத்துக்கொள்வோம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் கால் அது. கீமோ மருந்து ஏறிப் பத்து நாள் ஆகியிருக்கிறது. மறுநாள் பார்த்தால் சிவப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். வீக்கம் பெரிதாக இருக்காது. மூன்றாம் நாளும் சீழ் வைக்காது. ஒன்றுமே ஆகவில்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் முள்ளோடு உள்ளே போன கிருமிகள் தடுப்பார் இல்லாமல் ரத்தத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கும்.

சிவப்பையும் வீக்கத்தையும் சீழையும் நோய் என்றே நாம் பழகிவிட்டோம். அவை நோயோடு உடல் போடும் சண்டை. சண்டையிட ஆள் இல்லாத உடம்பில் நோய் இருக்கும், நோயின் முகம் இருக்காது. காலில் தைத்த முள்ளையாவது கண்ணால் பார்க்கலாம். இதுவே குடலுக்குள் நடந்தால்? வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைகளின் குடலில் வரும் ஆபத்தான அழற்சியைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன வெள்ளணுக்களின் குவியல். அதிலும் குறிப்பாக நியூட்ரோஃபில் என்ற வகை. 1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் பால் எர்லிக் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, விதவிதமான சாயங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வெள்ளணுக்களின் துகள்கள் அமிலச் சாயத்தைப் பிடித்தன. சில காரச் சாயத்தைப் பிடித்தன. ஒரு வகை மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதனால் நடுநிலையை விரும்புவது என்று பொருள்படும் பெயர் வந்தது. பெயரில்தான் நடுநிலை. கிருமி நுழைந்த செய்தி கிடைத்ததும் ரத்தக்குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறி, முதலில் போய் விழுங்குவது இதுதான். விழுங்கிவிட்டுத் தானும் சாகும்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. அவை ரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம்தான். நெல் மாதிரிக் குதிரில் கொட்டிவைத்துக்கொள்ளும் பண்டம் இல்லை இது. பால் மாதிரி அன்றன்றைக்குக் கறந்தாக வேண்டும். மஜ்ஜையில் சில நாளுக்கான கையிருப்பு உண்டு. அது தீர்ந்ததும், புதிதாகக் கறக்க ஆள் இல்லை என்றால், ரத்தத்தில் எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். கீமோ கொடுத்து ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் அது அடிமட்டத்தைத் தொடுவதன் காரணம் இதுதான். புற்றுநோய் வார்டில் அம்மாக்கள் "கவுண்ட் எறங்கிடுச்சு" என்று சொல்லிக்கொள்வது இந்த எண்ணைத்தான்.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் நியூட்ரோஃபில்கள் இருந்தால் கவலை இல்லை. 500-க்குக் கீழே போனால் ஆபத்து. இந்தக் கோட்டை யாரும் தோராயமாகக் கிழித்துவிடவில்லை. 1966-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும், கடும் ரத்தப் புற்றுநோய் கொண்ட 52 நோயாளிகளின் ரத்த எண்ணிக்கையையும் அவர்களுக்கு வந்த தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று கூடியது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். எவ்வளவு குறைந்தது என்பதோடு, எத்தனை நாள் குறைந்தே கிடந்தது என்பதும் சேர்ந்துதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. காவல்காரன் ஒரு ராத்திரி வராமல் போவதும் ஒரு மாதம் வராமல் போவதும் ஒன்றல்ல. இன்றைக்கும் வார்டில் ஒவ்வொரு காலையும் ரத்தம் எடுத்துக் கவுண்ட் பார்க்கிறார்கள் என்றால், அந்த 52 பேரின் வரைபடங்கள்தான் அதற்கு வேர்.

இப்போது குடலுக்கு வருவோம்.

குடலின் உள்பக்கத்தில், ஒரு பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், மறுபக்கம் ரத்தக்குழாய்கள். இரண்டுக்கும் நடுவில் வரிசையாக நிற்கும் செல்களின் சுவர், ஒரே ஒரு செல் கனம். ஒற்றைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். சோறும் குழம்பும் நாள் முழுக்க உரசிக்கொண்டு போகும் சுவர் எப்படித் தாங்குகிறது? ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது. சுவரில் ஆங்காங்கே சிறு குழிகள் இருக்கின்றன. அவைதான் நாற்றங்கால். குழியின் அடியில் இருக்கும் தாய்ச் செல்கள் பிரிந்து பிரிந்து புதிய செல்களை முளைக்கவைக்கும். அவை மெல்ல மேலேறி, மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்கு வந்து உதிர்ந்துவிடும். அதாவது இந்த வாரம் நம் குடலைக் காக்கும் சுவர் போன வாரம் இருந்த சுவர் அல்ல.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று அடையாளம் காணத் தெரியாது. வேகமாகப் பிரிகிற செல் எதுவோ அதன் மேல் பாயும். நம் உடம்பில் மிக வேகமாகச் செல் பிரியும் இடங்கள் எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், மயிர்க்கால். முடி கொட்டுவதை ஊரே பார்க்கிறது. மற்ற இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

இந்த மருந்துகளின் கதை தொடங்கும் இடத்திலேயே குடலின் செய்தியும் இருக்கிறது. 1948-ல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை அந்த நோய்க்கு ஒரு மருந்தும் இல்லை. அமினோப்டெரின் தயாரான லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகதா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரை நாம் போதுமான அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த மருந்து கொடுத்த குழந்தைகளுக்குக் கடுமையான வாய்ப்புண் வந்ததை ஃபார்பர் அப்போதே எழுதிவைத்தார். வாயும் குடலும் ஒரே குழாயின் இரண்டு பகுதிகள். கீமோவுக்குப் பிறகு குழந்தையின் உதட்டுக்குள் புண் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத பல அடி நீளக் குழாயிலும் அதே மாதிரிச் சிதைவு நடந்துகொண்டிருக்கலாம் என்று மருத்துவர் நினைப்பது அதனால்தான்.

ஆக, ஒரே மருந்து ஒரே வாரத்தில் இரண்டு காரியம் செய்கிறது. மதிலை இடிக்கிறது, காவலையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஒன்று மட்டும் நடந்திருந்தால் உடம்பு சமாளித்திருக்கும். சுவரில் ஓட்டை விழுந்தாலும் நியூட்ரோஃபில்கள் ஓடிப்போய் அடைத்திருக்கும். காவல் இல்லாவிட்டாலும் சுவர் உறுதியாக நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்து போகும் அந்தச் சில நாட்களில்தான், குடலில் காலம் காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுவருக்குள் இறங்குகின்றன. ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் செப்டிகம், கூடவே கேண்டிடா என்ற பூஞ்சை.

இவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. குழந்தையின் குடலுக்குள்ளேயே இருந்தவை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த நோய் வந்ததும் தாய் தன்னைத்தான் முதலில் குற்றம் சாட்டிக்கொள்வாள். அன்றைக்கு ஒரு வாய் பிஸ்கட் கொடுத்தோமே, தாத்தா கை கழுவாமல் தூக்கினாரே என்று இரவெல்லாம் கணக்குப் பார்ப்பாள். சுத்தம் அவசியம்தான். ஆனால் இந்தக் குடல் நோய் பெரும்பாலும் யார் கொடுத்த எதனாலும் வருவதில்லை. உயிரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தின் நிழல் அது.

சரி, குடலின் நீளத்தில் எங்கே வேண்டுமானாலும் வரலாமே, ஏன் பெரும்பாலும் வலது அடிவயிற்றையே பிடிக்கிறது?

சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேரும் இடம் அங்கே இருக்கிறது. சேரும் இடத்துக்குக் கீழே பெருங்குடல் ஒரு பையாகத் தொங்குகிறது. அந்தப் பைக்கு அந்தப் பக்கம் வழி கிடையாது. நம் ஊர்த் தெருவில் இருந்தால் முட்டுச்சந்து என்போம். லத்தீனிலும் கிரேக்கத்திலும் கண் தெரியாதது என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதைத்தான் தமிழில் குருட்டுக்குடல் என்கிறோம். குடல்வால் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதில்தான்.

முட்டுச்சந்தில் குப்பை தேங்கும். குருட்டுக்குடலிலும் கழிவு தேங்கி நிற்கும். பாக்டீரியாக்களுக்கு நேரமும் இடமும் கிடைக்கும். இது போதாதென்று, ரத்தப் புற்றுநோய் மருந்துகளில் முக்கியமான வின்கிரிஸ்டின் குடலை அசைக்கும் நரம்புகளை மந்தமாக்கி மலச்சிக்கலை உண்டாக்கும். நம் வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்து அது. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்கவைத்த செடி, குடலை மட்டும் கொஞ்சம் தூங்கவைத்துவிடுகிறது.

இன்னொரு காரணம் இயற்பியலைச் சேர்ந்தது. சைக்கிள் டியூபில் ஓரிடம் மெலிந்து புடைத்திருந்தால், காற்று அடிக்க அடிக்க எது மேலும் புடைக்கும்? புடைத்த இடம்தான். உள்ளே இருக்கும் அழுத்தம் டியூப் முழுக்க ஒன்றேதான். ஆனால் குழாய் எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே சுவரின் மேல் விழும் இழுவை அதிகம். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி இது. பெருங்குடலில் மிக அகலமான இடம் குருட்டுக்குடல். உள்ளே காற்றும் நீரும் சேர்ந்து உப்பும்போது அதன் சுவர்தான் அதிகம் இழுபடும். இழுபட்ட சுவருக்குள் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கும். ரத்தம் குறைந்த இடம் நீர்கோத்து வீங்கும். வீங்கினால் ரத்தம் இன்னும் குறையும். கடைசியில் சுவரின் ஒரு துண்டு அழுகி ஓட்டை விழுந்தால், குடலுக்குள் இருந்தது வயிற்றறைக்குள் கொட்டிவிடும்.

1970-ல் அமெரிக்கக் கதிரியல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, ரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளுக்கு வரும் சிக்கலாக இதைக் குருட்டுக்குடல் அழற்சி என்ற பொருள்தரும் பெயரில் விவரித்தது. பின்னாளில் குடலின் மற்ற பகுதிகளையும் இது பிடிப்பதைக் கண்டு, நியூட்ரோஃபில் குறைவில் வரும் குடல் அழற்சி என்று பெயரை விரித்தார்கள். இரண்டு பெயரிலும் உள்ள அழற்சி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. இந்தக் குடலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் கண்டது வீக்கம், ரத்தக்கசிவு, அழுகிய திசு, சுவருக்குள் கூட்டம் கூட்டமாகப் பாக்டீரியா. அழற்சி என்றால் வெள்ளணுக்கள் மொய்த்திருக்க வேண்டுமே? அவை மட்டும் அங்கே அரிதாக இருந்தன. வெள்ளம் புகுந்த ஊரில் ஒரு மனிதர்கூட இல்லாதது மாதிரியான காட்சி அது.

நம் முள் கதையின் மறுபாதி இங்கேதான் வருகிறது. சாதாரணக் குழந்தைக்குக் குடலில் ஓட்டை விழுந்தால் வயிறு பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், தொட விடாது. வெள்ளணுக்கள் போய் மொய்த்து, வயிற்றின் உள்ளுறையைச் சிவக்கவைத்து வலியைக் கிளப்புவதன் விளைவு அது. கவுண்ட் இறங்கிய குழந்தையின் வயிறு மெத்தென்றே இருக்கலாம். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் கொடுக்கும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் மிச்சமிருக்கும் வலியையும், சில சமயம் காய்ச்சலையும் அமுக்கிவிடும். 1975-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், வெள்ளணுக்கள் குறைந்தவர்களின் தொற்றுகளையும் மற்றவர்களின் தொற்றுகளையும் ஒப்பிட்டு, முன்னவர்களிடம் சீழ் முதலிய அடையாளங்கள் எவ்வளவு குறைவாகத் தெரிகின்றன என்று காட்டினார்கள். பாட்டி நம்பிய அடையாளங்கள் எல்லாம் இந்தக் குழந்தைகளிடம் பொய்த்துவிடும். பெரும்பாலும் பொய்க்காத ஒன்று காய்ச்சல். அதனால்தான் அதற்கு இவ்வளவு மரியாதை.

மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை 2005-ல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 3,171 குழந்தைகளில் 83 பேருக்கு இந்தக் குடல் நோய் வந்திருந்தது. நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தன, பலருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் இல்லை. அறிகுறிகளை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதால்தான் உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? ஆசனவாய் வழியாகக் குழாய்க் கேமராவை விடலாமே என்று தோன்றும். அழுகிக்கொண்டிருக்கும் சுவரைக் கேமராவால் தள்ளினால் அதுவே ஓட்டை போட்டுவிடும் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நல்ல வழி, கர்ப்பிணிகளுக்குச் செய்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். குழந்தையைப் படுக்கையிலிருந்து அசைக்க வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது, காலையில் பார்த்ததை மாலையில் மறுபடி பார்க்கலாம். ஒலியலை போய்த் திரும்பும்போது குடல் சுவரின் கனம் திரையில் கோடாகத் தெரியும். குழந்தைகளுக்கு அது 3 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். இந்த நோயில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்.

அந்தக் கோட்டின் கனத்துக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை 2001-ல் இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர்கள் அளந்து சொன்னார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளில் குடல் சுவர் 10 மி.மீ.-க்கு மேல் தடித்தவர்களில் 60 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம் பேர். கையால் தொட்டால் மெத்தென்று இருக்கும் வயிற்றைப் பற்றி, திரையில் தெரியும் சில மில்லிமீட்டர் இவ்வளவு உண்மை பேசுகிறது. தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் புகுந்திருப்பதையும், ஓட்டை வழியே வயிற்றறைக்குள் காற்று கசிந்திருப்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையில் முதல் விதி, காத்திருக்காதே என்பது. 1970-க்கு முன்பு ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்து, அது எது என்று தெரிந்த பிறகு மருந்து கொடுப்பதே முறையாக இருந்தது. கிருமி வளர்ந்து பெயர் தெரிய ஓரிரு நாள் ஆகும். சூடோமோனாஸ் ரத்தத்தில் புகுந்த நோயாளிக்கு அந்த ஓரிரு நாள் இருப்பதில்லை. 1971-ல் ஸ்டீபன் ஷிம்ஃப் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், காய்ச்சல் வந்த உடனே கிருமியின் பெயர் தெரியாமலே இரண்டு வலுவான ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டார்கள். யார் திருடன் என்று தெரிந்த பிறகு கதவைச் சாத்தலாம் என்பதை விட்டு, சத்தம் கேட்டதும் எல்லாக் கதவையும் சாத்துவது. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும் என்பது இன்றைய இலக்கு.

கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் சொல்லும் சில கட்டளைகளின் அர்த்தம் இப்போது தெரியும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்பி வர வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ஒரே சாட்சியின் வாயைக் கட்டுவதற்குச் சமம் அது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. இரண்டு நாளாக வெளிக்கிப் போகவில்லை என்று எனிமாவோ, ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கொடுக்கக் கூடாது. அந்த இடத்தில் சுவர் காகிதம் மாதிரி ஆகியிருக்கும், சிறு கீறல் போதும். பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்த எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது விதி, குடலுக்கு ஓய்வு. வாய் வழியாக எதுவும் கிடையாது. மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை உறிஞ்சுவார்கள்; நீரும் உப்பும் சத்தும் ரத்தக்குழாய் வழியே போகும். ஏற்கெனவே இளைத்த பிள்ளை பசிக்கிறது என்று அழும்போது ஒரு வாய் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தாய்க்குத் தாங்க முடியாத வேலை. அந்தக் கஷ்டத்தைத் தெரிந்து, பட்டினி போடவில்லை, குடலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறோம் என்று விளக்கிச் சொல்லும் மருத்துவரை நான் மிக மதிக்கிறேன். எலும்பு முறிந்த கையை அசைக்க விடுவோமா?

ஆன்டிபயாட்டிக் ஏறியும் நாலைந்து நாள் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் பூஞ்சைக்கும் மருந்து சேர்ப்பார்கள். பிளேட்லெட் குறைந்து ரத்தம் கசிந்தால் பிளேட்லெட் ஏற்றுவார்கள். மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசியும் உண்டு, 1991-லிருந்து நடைமுறையில் இருக்கும் மருந்து. அது எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படுவதில்லை.

கத்தி கடைசி. ஓட்டை விழுந்துவிட்டாலோ, ரத்தம் உறைவதில் இருக்கும் கோளாறைச் சரிசெய்த பிறகும் குடலில் கசிவு நிற்காவிட்டாலோ, எல்லாம் செய்தும் குழந்தை சரிந்துகொண்டே போனாலோ அறுவை சிகிச்சை நிபுணர் இறங்குவார், கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுப்பார். தைத்தால் ஆற வேண்டிய புண் ஆறாத உடம்பு இது என்பதால் அவசரப்பட்டு இறங்குவதும் ஆபத்து, தயங்கி நிற்பதும் ஆபத்து. அதனால் முதல் நாளிலிருந்தே அவரும் குழந்தையின் வயிற்றைத் தினமும் வந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனையும் செய்வது நேரத்தை வாங்கத்தான். நோயை உண்மையில் முடித்துவைப்பது மஜ்ஜை விழித்துக்கொள்வதுதான். அது விழிக்கும்போது ரத்த அறிக்கையில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணு. பல நாளாகப் பூஜ்யம் இருந்த கட்டத்தில் அதைப் பார்த்ததும், அனுபவமுள்ள செவிலியர் கவுண்ட் வரப் போகிறது என்று சொல்லிவிடுவார். பின்னாலேயே நியூட்ரோஃபில்கள் வரும். ஒரு நாள் 80, மறுநாள் 210, அதற்கு மறுநாள் 500-ஐத் தாண்டும். அதே நாட்களில் நாற்றங்கால் குழிகளில் புதிய செல்கள் முளைத்துச் சுவரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்ட் கோடு மெலியும். குழந்தை இட்லி கேட்கும். இட்லி இன்னும் இரண்டு நாள் கழித்து என்பார்கள். இன்றைக்கு வடித்த கஞ்சித் தண்ணீர், இரண்டு ஸ்பூன்.